காதுச் சீழ் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? – மருத்துவக் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காதில் சீழ் வடிவதைப் பற்றியே கேட்டிருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்நோயை ஆண்டுக்கணக்கில் சுமந்துகொண்டு, உள்ளூர் கிளினிக்கில் கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு, நின்றதும் மறந்து, வந்ததும் மீண்டும் ஓடியவர்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு நோய்க்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். ஓர் ஆண்டுக்கும் மேலாக இடது காதில் சீழ் வடிகிறது. ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் அமோக்சிசிலின் மருந்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள். சில நாள் நிற்கிறது, பிறகு மீண்டும் வருகிறது. வலி இல்லை என்கிறான். குறை மருந்திலா, பிள்ளையின் உடம்பிலா?
– ஒரு தாய், செம்பனைத் தோட்டம், சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: பிள்ளையின் உடம்பில் குறையில்லை, அம்மா. பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமோக்சிசிலினும் நல்ல மருந்துதான். ஆனால் அது வேறொரு நோய்க்குரிய மருந்து.

சளி, காய்ச்சலோடு திடீரென்று காதுவலி வந்து குழந்தை இரவெல்லாம் அழும் கடுமையான நடுச்செவி அழற்சியை உண்டாக்குபவை பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியா, ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா, மொராக்செல்லா கட்டாராலிஸ் ஆகிய மூன்று பாக்டீரியாக்கள். இவை மூக்கின் பின்புறத்தில் குடியிருந்து, மூக்கையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் வழியாக மேலே ஏறுகின்றன. சிறுபிள்ளைகளுக்கு அந்தக் குழாய் பெரியவர்களுடையதைவிடக் குட்டையாகவும் ஏறத்தாழ படுக்கைவாட்டிலும் இருப்பதால்தான் அவர்களுக்கு இந்நோய் அடிக்கடி வருகிறது. அந்த நிலையில் அமோக்சிசிலின் கொடுப்பது சரியான மருத்துவமே. உங்கள் மகனுக்கும் முதல் தடவை அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும்: உள்ளே சேர்ந்த சீழின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்து, சீழ் வெளியேறியதும் வலி நின்றிருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கிழிசல் தானே மூடிக்கொள்கிறது. சிலருக்கு மூடுவதில்லை. ஓட்டை நிலைத்துவிட்டால் நோயின் குணமே மாறிவிடுகிறது.

செவிப்பறை முழுமையாக இருக்கும்வரை நடுச்செவிக்கு வெளியுலகத்தோடு நேரடித் தொடர்பு கிடையாது. ஓட்டை விழுந்த பிறகு குளிக்கிற தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், காதைக் குடையும் விரல், பஞ்சுக்குச்சி ஆகிய அனைத்தும் வெளிக்காதிலிருந்து உள்ளே கிருமியைக் கொண்டுசேர்க்கின்றன. இப்போது அங்கு குடியேறுவது வேறு கூட்டம். அதில் முதன்மையானவை சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸும். அவற்றோடு புரோட்டியஸ், கிளெப்சியெல்லா போன்றவையும், காற்றில்லாத இடத்தில் வளரும் சில பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்ளலாம். சூடோமோனாஸ் ஈரம் உள்ள இடமெல்லாம் வாழக்கூடியது. தண்ணீரிலும் ஈரமண்ணிலும் அது இயல்பாகவே இருக்கிறது. அதன் வெளிச்சவ்வு பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. உள்ளே நுழைந்ததையும் வெளியே தள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. அமோக்சிசிலினைச் சிதைக்கும் நொதியையும் தானே சுரக்கிறது. ஸ்டேஃபைலோகாக்கஸும் பெரும்பாலும் பெனிசிலின் வகை மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பதுதான். எனவே அமோக்சிசிலினை எத்தனை புட்டி குடித்தாலும் இந்த இரண்டு கிருமிகளிடத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

அப்படியானால் சில நாள் ஏன் நிற்கிறது என்று கேட்பீர்கள். நாட்பட்ட காதுச் சீழ் தானாகவே கூடுவதும் குறைவதுமாக இருக்கும் நோய். சளி தணிந்தால் சீழும் தணியும். அந்த நேரத்தில் குடித்துக்கொண்டிருந்த மருந்துக்கு அந்த நற்பெயர் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இக்கிருமிகள் நடுச்செவியின் சவ்வின்மீது வழவழப்பான ஒரு படலத்தை உருவாக்கி அதற்குள் ஒன்றாக ஒட்டி வாழ்கின்றன. தோட்டத்து வீட்டின் பழைய தண்ணீர்த் தொட்டியில் கைவிட்டுத் தடவினால் உட்சுவரில் வழுக்குமே, அதைப் போன்றது. படலத்தின் அடியில் உள்ள கிருமியைக் கொல்ல, தனித்து மிதக்கும் கிருமிக்குத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு மருந்து வேண்டும். இரத்தத்தின் வழியாகச் செல்லும் மாத்திரையால் அந்த அளவை அங்கு எட்ட முடியாது. சீழையும் படலத்தையும் துடைத்தெடுத்துவிட்டு, மருந்தை நேராக அந்த இடத்திலேயே விட்டால் எட்ட முடியும்.

ஆகவே உங்கள் மகனுக்கு முதலில் வேண்டியது காதைச் சுத்தம் செய்வது. சிறப்பு மருத்துவமனையில் நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய குழாயால் சீழை உறிஞ்சி எடுப்பார்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இது: சுத்தமான பருத்தித் துணியையோ எளிதில் கிழியாத காகிதக் கைக்குட்டையையோ திரிபோல முறுக்கி, பிள்ளையின் காது மடலை மெல்ல மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, திரியைக் காதுத் துவாரத்தில் வைத்து நனையவிடுங்கள். நனைந்ததை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிய திரியை வையுங்கள். திரி காய்ந்தபடியே வெளியே வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பஞ்சுக்குச்சி கூடாது, திரியைக் காதுக்குள் விட்டுவிடவும் கூடாது. நாளுக்கு மூன்று முறை இப்படிக் காயவைத்த பிறகு குவினோலோன் வகைச் (சிப்ரோஃபுளோக்சசின், ஓஃப்ளோக்சசின் போன்ற) சொட்டு மருந்தை இரண்டு வாரம் விடுமாறு உலகச் சுகாதார நிறுவனத்தின் சிறுவர் நோய் வழிகாட்டி கூறுகிறது. காயவைக்காமல் விட்ட சொட்டு சீழின்மீது மிதந்து வெளியே வழிந்துவிடும்.

வலி இல்லை என்பது ஆறுதலுக்குரிய செய்தி அல்ல; நாட்பட்ட நடுச்செவி அழற்சியில் பொதுவாக வலி இருப்பதில்லை, அதனால்தான் வீட்டார் அதைப் பொறுத்துப் போய்விடுகிறார்கள். இந்தக் காலம் முழுவதும் பிள்ளைக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கும். வகுப்பாசிரியரைச் சந்தித்து, மகனை முன்வரிசையில், அவனுடைய வலது காது ஆசிரியர் பக்கம் இருக்குமாறு உட்கார வைக்கச் சொல்லுங்கள். கவனமில்லாதவன் என்று பெயர் வாங்கிய எத்தனையோ பிள்ளைகள் உண்மையில் பாதிதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு இன்றும் மனத்தை வருத்தும் விஷயம்.

கேள்வி: அரசாங்க கிளினிக்கில் எனக்கு மாத்திரை எதுவும் கொடுக்காமல் ஒரு சிறு சொட்டு மருந்துப் புட்டியை மட்டும் கொடுத்தார்கள். அதிலும் கண்ணுக்கான மருந்து என்று எழுதியிருக்கிறது. தவறாகக் கொடுத்துவிட்டார்களா? ஆன்டிபயாடிக் மாத்திரை இல்லாமல் குணமாகுமா?
– செம்பனை வெட்டும் தொழிலாளர்

பதில்: தவறு இல்லை, ஐயா. கண்ணுக்கான சொட்டு மருந்து காதுக்கானதைவிடக் கூடுதல் கவனத்துடன், கிருமி நீக்கித் தயாரிக்கப்படுவது. சிப்ரோஃபுளோக்சசின் அல்லது ஓஃப்ளோக்சசின் 0.3 விழுக்காடு என்று அதில் எழுதியிருந்தால் மருத்துவர் சொன்னபடி காதில் தாராளமாக விடலாம். காதுக்கான மருந்தைக் கண்ணில் விடுவதுதான் ஒருபோதும் கூடாது.

மாத்திரை இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். 0.3 விழுக்காடு என்றால் ஒரு மில்லிலிட்டரில் 3 மில்லிகிராம், அதாவது 3000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. 500 மில்லிகிராம் சிப்ரோஃபுளோக்சசின் மாத்திரையை விழுங்கினால் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரோகிராம்தான் சேரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு. மேலும், காதில் விட்ட மருந்து உடம்பின் மற்ற பகுதிகளுக்கு மிகக் குறைவாகவே செல்வதால் வயிற்றுப்போக்கு, தசைநாண் வலி போன்ற தொல்லைகளும் பெரும்பாலும் இருப்பதில்லை. செவிப்பறை ஓட்டையோடு சீழ் வடிபவர்களுக்கு மாத்திரையையும் ஊசியையும்விடக் குவினோலோன் சொட்டு மருந்தே சீழை நிறுத்துவதில் சிறந்தது என்று பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டு 2006ஆம் ஆண்டில் வெளியான கோக்ரேன் மீளாய்வும் முடிவு கூறியிருக்கிறது. காய்ச்சல், காதின் பின்னே வீக்கம், நோய் எலும்புக்குப் பரவியதற்கான அறிகுறி இருந்தால் மட்டுமே மாத்திரையோ ஊசியோ கூடுதலாகத் தேவைப்படும்.

விடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். புட்டியை உள்ளங்கையில் சில நிமிடங்கள் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்த சொட்டு விழுந்தால் தலை சுற்றும். நோயுள்ள காது மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுத்து, மருத்துவர் எழுதிய எண்ணிக்கையில் சொட்டுகளை விட்டபின், காதுத் துவாரத்தின் முன்னே உள்ள சிறு குருத்தெலும்பைச் சில முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். அந்த அழுத்தம்தான் மருந்தை ஓட்டை வழியாக நடுச்செவிக்குள் தள்ளுகிறது. ஐந்து நிமிடம் எழுந்திருக்க வேண்டாம். தொண்டையில் கசப்புத் தெரிந்தால் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது என்று பொருள். மூன்றாம் நாளே சீழ் நின்றாலும் சொன்ன நாள்வரை விட வேண்டும். அதே வேளையில், வாரக்கணக்கில் தாமாகவே நீட்டிக்கொண்டு போகவும் கூடாது. நீண்ட நாள் ஆன்டிபயாடிக் விட்ட காதில் பாக்டீரியா ஒழிந்து பூஞ்சை முளைப்பது வழக்கம். நுண்ணோக்கியில் பார்த்தால் நனைந்த பழைய செய்தித்தாள் போன்ற சாம்பல் நிறக் கூழும் அதன்மேல் கறுப்புப் புள்ளிகளும் தெரியும். அப்போது அரிப்பு கடுமையாக இருக்கும். அதற்கு க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி வேண்டும், ஆன்டிபயாடிக் அதை வளர்க்கவே செய்யும்.

கேள்வி: பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைச் சூடாகக் காதில் விட்டால் சீழ் நிற்கும் என்று என் மாமியார் சொல்கிறார்.
– இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: செவிப்பறையில் ஓட்டை உள்ள காதில் எண்ணெய், வெங்காயச் சாறு, தாய்ப்பால், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கித் தேங்கிவிடும். சூட்டினால் உள்தோல் வெந்துபோவதும் உண்டு. உங்கள் மாமியாரின் அக்கறையை மதித்து, கைமருந்தைக் காதின் வெளியே தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அப்பாவின் காதுச் சீழைப் பரிசோதித்த ஆய்வுக்கூட அறிக்கையில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்றும், சிப்ரோஃபுளோக்சசினுக்கு எதிர்ப்புத்திறன் உள்ளது என்றும் இருக்கிறது. ஆனால் மருத்துவர் அதே சிப்ரோஃபுளோக்சசின் சொட்டைத் தொடரச் சொல்கிறார். அறிக்கையைப் படிக்காமல் சொல்கிறாரோ என்று அச்சமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி

பதில்: நல்ல கேள்வி, மகளே. படித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார். ஆய்வுக்கூடம் ஒரு கிருமியை எதிர்ப்புள்ளது என்று எழுதும்போது, மருந்தை மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுத்தால் இரத்தத்தில் கிடைக்கும் அளவை அடிப்படையாகக் கொண்டே எழுதுகிறது. மேலே நான் சொன்ன கணக்கைப் பாருங்கள்: சில மைக்ரோகிராமுக்குக் கட்டுப்படாத கிருமி 3000 மைக்ரோகிராமுக்குக் கட்டுப்படக்கூடும். அதனால் நோயாளியின் காது காய்ந்துகொண்டு வருகிறது என்றால் மருத்துவர் அறிக்கையைவிடக் காதை நம்புவது முறைதான்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் சுத்தம் செய்து சொட்டு விட்டும் சீழ் குறையவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போது மருந்து படுகிறதா, படாமல் சீழோ சதை வளர்ச்சியோ தடுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சதை வளர்ச்சி இருந்தால் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சேர்ந்த சொட்டு அதைச் சுருக்கும். உண்மையிலேயே எந்தச் சொட்டுக்கும் அடங்காத சூடோமோனாஸ் என்றால் செஃப்டாசிடிம், பிப்பராசிலின்-டாசோபாக்டம் போன்றவற்றை மருத்துவமனையில் தங்கி ஊசியாகப் போட வேண்டியிருக்கும். ஸ்டேஃபைலோகாக்கஸ் வகையில் மெதிசிலின் என்ற பெனிசிலின் வகை மருந்துக்கு எதிர்ப்புள்ளது வந்தாலும் மருத்துவம் மாறும். காசநோயும் நினைவில் இருக்க வேண்டும்: வலியே இல்லாத, எந்த மருந்துக்கும் நிற்காத சீழும், செவிப்பறையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகளும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும், சாதாரணச் சீழ்ப் பரிசோதனையில் அக்கிருமி தென்படாது.

ஒரு சிறு குறிப்பு. வெளிக்காதில் வழிந்து காய்ந்த சீழைத் தொட்டு எடுத்த மாதிரி, தோலில் இருக்கும் கிருமியையே காட்டும். துவாரத்தைத் துடைத்துவிட்டு உள்ளிருந்து புதிதாக வரும் சீழை எடுப்பதே சரி. சொட்டு மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: சொட்டு மருந்தை மருந்துக் கடையில் நேரடியாக வாங்கிக்கொள்ளலாமா? பக்கத்து வீட்டு அக்காவிடம் ஜெண்டமைசின் சொட்டு மீதம் இருக்கிறது.

பதில்: வேண்டாம். ஜெண்டமைசின், நியோமைசின் ஆகியவை அடங்கிய சொட்டுகள் செவிப்பறை முழுமையாக உள்ள காதுக்குப் பொருந்துபவை. ஓட்டை உள்ள காதில் அவை உள்செவிக்குச் சென்று கேட்கும் நரம்பு உயிரணுக்களைக் கெடுக்கக்கூடும். அந்த இழப்பு மீளாது. குவினோலோன் சொட்டுகளுக்கு அந்த ஆபத்து தெரியவில்லை என்பதே அவை முதலிடம் பெற்றதற்கு முக்கியக் காரணம். நீண்ட காலமாக நம் கிளினிக்குகளில் கொடுக்கப்பட்டுவரும் குளோரம்ஃபெனிகால் சொட்டு சூடோமோனாஸிடம் பொதுவாகப் பலிப்பதில்லை. நம் நாட்டில் ஆன்டிபயாடிக் மருந்துகள் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் வருவதால் மருத்துவரின் சீட்டு தேவை. அது தேவையற்ற கெடுபிடி அன்று. எந்தச் சொட்டு என்பதைத் தீர்மானிக்கச் செவிப்பறையைப் பார்த்தாக வேண்டும். திறந்து ஒரு மாதத்துக்கு மேலான புட்டியை யாருக்கும் கொடுக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: சீழ் நின்று மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் ஓட்டை இருக்கிறது என்கிறார் மருத்துவர். அறுவைச் சிகிச்சை அவசியமா? ஆற்றில் குளிக்கலாமா?
– இளைஞர், வயது 24

பதில்: ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், ஓட்டையை மூடாது. ஓட்டை இருக்கும்வரை ஒவ்வொரு சளியிலும், ஒவ்வொரு முழுக்கிலும் சீழ் திரும்பலாம். காது சில மாதங்கள் காய்ந்திருக்கும் இந்த வேளைதான் அறுவைக்கு ஏற்ற வேளை. காதுக்கு மேலே உள்ள தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து சிறு துண்டெடுத்துச் செவிப்பறையில் ஒட்டுவார்கள். சுங்கை சிப்புட் மருத்துவமனையில் கடிதம் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பதிந்துகொள்ளலாம். தவணை தள்ளிக் கிடைக்கலாம். சீழ் இல்லாததால் போகத் தேவையில்லை என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். (முதல் கடிதம் எழுதிய தாய்க்கும் இது பொருந்தும், ஆனால் சிறுவர்களுக்குப் பல மருத்துவர்கள் எட்டு வயது தாண்டும்வரை காத்திருக்க விரும்புவர்.)

ஆற்றுக் குளியலை அறுவை முடிந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை ஒத்தி வையுங்கள். வீட்டில் குளிக்கும்போது பஞ்சு உருண்டையில் வாசலைன் தடவிக் காதை அடைத்துக்கொண்டு, குளித்து முடித்ததும் அதை எடுத்துவிடுங்கள்.

ஒரு வகைக் காதுச் சீழுக்கு மட்டும் காத்திருக்கவே முடியாது. சீழ் மிகக் குறைவாக, ஆனால் அருகில் நிற்பவர் முகம் சுளிக்கும் அளவுக்கு அழுகிய நாற்றத்தோடு வந்தால், தோல் நடுச்செவிக்குள் புகுந்து வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியட்டோமா இருக்கக்கூடும். எந்த ஆன்டிபயாடிக்கும் அதைக் கரைக்காது. அறுவை ஒன்றே வழி. விட்டுவைத்தால் முகநரம்பு, உள்செவி, மூளையுறை எனப் பரவும்.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது, நீண்ட நாள் நீரிழிவு. இரண்டு வாரமாக வலது காதில் வலி. இரவில் தூங்கவே முடிவதில்லை. சிறிது சீழும் வருகிறது. சொட்டு மருந்தால் குறையவில்லை. நேற்று முதல் வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பது போலத் தெரிகிறது.
– மகன், தோட்டப்புற வீடமைப்புப் பகுதி

பதில்: இக்கடிதம் கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் உங்களுக்குச் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். நீரிழிவு உள்ள முதியவருக்கு இரவில் தாங்க முடியாத காதுவலியும் சீழும் சேர்ந்து வந்தால், சூடோமோனாஸ் வெளிக்காதின் தோலைத் தாண்டி மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பில் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. மேலே கூறிய நடுச்செவி நோய் இதுவன்று. கிருமி ஒன்றே, ஆனால் மருத்துவம் முற்றிலும் வேறு. இங்கே சொட்டு மட்டும் போதாது. ஊசி அல்லது மாத்திரை வழியாக சூடோமோனாஸுக்கான ஆன்டிபயாடிக்கை ஆறு வாரமோ அதற்கு மேலுமோ கொடுக்க வேண்டும். சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வாய் கோணுவது முகநரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம்.

இந்நிலையில் புறநோயாளி வரிசையில் எண் வாங்கி உட்காராமல், நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முகப்பில் காதுவலி என்று மட்டும் சொன்னால் காத்திருக்கச் சொல்லிவிடக்கூடும். நீரிழிவு இருக்கிறது, இரண்டு வாரமாக இரவில் வலி, சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை, முகம் கோணியிருக்கிறது என்ற நான்கையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இதுவரை விட்ட சொட்டுப் புட்டி, சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகள், பழைய சீழ்ப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காதின் பின்னே வீக்கம், கடும் தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, திடீர்த் தலைசுற்றல், நினைவு தடுமாறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காதுச் சீழ் உள்ள எவருக்கு வந்தாலும், வயது எதுவாயினும், அன்றிரவே அவசரப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.